சிம்மக்காவும் விரல் காசும்

அவளுடைய சொந்தப் பெயர் கடை வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் சிம்மக்கா. சிம் கார்டு விற்கிற அக்கா, சிம் அக்கா, போகப் போக ஒட்டிக்கொண்டு சிம்மக்கா ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, கர்ஜிக்கிற ஆளை எதிர்பார்த்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போட்டால் மூச்சுவிட இடமில்லாத அந்தக் கடைக்குள், நாற்பத்தைந்து வயதில் ஒல்லியாக ஒருத்தி, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் கடைக்கும் என் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் தும்மினால் நான் "மாத்திரை வேணுமா?" என்று இங்கிருந்தே கேட்பேன். பதினோரு வருடம் அப்படி இருந்தோம். அதனால் அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சுவர் வழியாக எனக்கு எல்லாமே கேட்டது, அவ்வளவுதான்.

கடை போடுவதற்கு முன்னால் அவள் ஒன்பது வருடம் சார்ஜர் கம்பெனியில் ஈயம் பற்றவைத்தாள். மகளுக்கு நாலு வயதாகும்போது புருஷன் வெளியூர் வேலைக்கென்று போனான். போய் ஒரு வாரத்தில் "என்னைத் தேட வேண்டாம்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவள் தேடவில்லை. இன்னும் நாலு வருடம் கழித்து, கம்பெனியில் கணக்கு முடித்துக் கிடைத்ததை வைத்து இந்தக் கடையைப் பிடித்தாள். மகளைப் படிக்கவைத்தாள். மகள் இப்போது வேறு ஊரில் நர்சிங் இரண்டாம் வருடம்.

பணம் கொடுப்பது வாங்குவதெல்லாம் போனுக்குள் போன காலத்தில் தெரு மொத்தமும் சிம்மக்கா கடையில்தான் வந்து நின்றது. எல்லோருக்கும் பயம். "அக்கா, தெரியாம அமுக்கிட்டா மொத்தமும் போயிடுமா?" என்று பழக்கடைக்காரி கேட்டாள். சிம்மக்கா தன் கணக்கிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு காசு அனுப்பினாள். "வந்துச்சா? இப்ப அதை எனக்குத் திருப்பி அனுப்பு. போச்சா? மிச்சம் அப்படியே இருக்கா? அவ்வளவுதான் விஷயம்." தெருவில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு காசு போய்த் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வராததும் உண்டு. அவள் கேட்டதில்லை.

ஆனால் ரகசிய எண் விஷயத்தில் அவள் பொல்லாதவள். யாராவது எண்ணை அமுக்கப் போனால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். "அட, நீ பாத்தா என்னக்கா?" என்பார்கள். "நான் பாக்கக் கூடாது. என் மகளும் பாக்கக் கூடாது. உன் புள்ளையும் பாக்கக் கூடாது" என்பாள், சுவரைப் பார்த்தபடியே. முடிவெட்டுகிறவர் மறந்துவிடுமென்று போனின் முதுகில் மையால் எண்ணை எழுதி வைத்திருந்தார். என்னிடம் ஸ்பிரிட் வாங்கி அதைத் தேய்த்து அழித்துவிட்டு, புது எண் போடவைத்து அனுப்பினாள். பழக்கடைக்காரி ஒருநாள் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து எண்ணைக் கத்தியே சொல்லிவிட்டாள். "பஸ்ல போறவங்களுக்கும் கேட்டுச்சு, வந்து மாத்து!" என்று இவள் இங்கிருந்து கத்தினாள்.

அவளிடம் ஒரு குறை உண்டு. சிரித்துவிடுவாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பரிசாகக் கார் விழுந்திருப்பதாக வந்த அழைப்பை நம்பிச் சேமிப்பில் கொஞ்சத்தை இழந்துவிட்டு வந்து சொன்னபோது, "கார் வந்தா எங்க சார் நிறுத்தியிருப்பீங்க, மாடிப்படியிலயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும் இந்தப் பக்கத்திலிருந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கு அங்கே உட்கார்ந்து கூடச் சிரித்த இன்னொருத்தி எதிர்க்கடைத் தையல்காரி.

சாலையைக் கடந்தால் பத்து எட்டில் அவள் கடை. பள்ளிச் சீருடை, கிழிந்த ஜிப், நீளமான கால்சட்டை என்று வாங்கித் தைப்பாள். சிம்மக்காவைவிடப் பத்து வயது இளையவள். குழந்தை இல்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு சாலையைக் கடந்து வந்துவிடுவாள். ஒரே நாற்காலியில் ஒருத்தி, கவிழ்த்த பெட்டியின் மேல் இன்னொருத்தி. சிம்மக்காவின் மகளுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆறு நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தையல்காரிதான். சிம்மக்கா கடையைத் திறக்க வேண்டுமே, அதற்காக. அக்கா தங்கை என்றால்கூட அதில் ஒரு கணக்கு வழக்கு இருக்கும். இவர்களிடம் அதுவும் கிடையாது.

தையல்காரியின் புருஷன் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். கை உள்ளே இருந்தால் கத்தி இறங்காமல் தடுக்கிற ஏற்பாடு அந்த இயந்திரத்தில் உண்டு. அவசர வேலை என்று அதை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கட்டுப்போட்டுப் படுக்கவைத்ததும் அவர் நர்சிடம் போனைக் கேட்டு வாங்கி, இடது கையால் தடவித் தடவி, முதலில் பெண்டாட்டியைத்தான் கூப்பிட்டார். "பயப்படாதே. விரல்தான் போச்சு, ஆள் இருக்கேன்" என்று சொன்னாராம்.

பதினாலு மாதம் அலைந்த பிறகு இழப்பீடு வந்தது. அதற்குப் புதுக் கணக்குத் தொடங்க வங்கிக்குப் போனபோது சிம்மக்காவும் கூடப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், "வலது கை நாலு விரலையும் சேர்த்துக் கண்ணாடி மேல வைங்க" என்றாள். அவர் கையை எடுத்து வைத்தார். இயந்திரம் கத்தியது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், முகம் செத்துப்போனது. "நாலும் அச்சகத்துல இருக்கும்மா, போய் எடுத்துட்டு வரட்டுமா?" என்று அவரே சிரித்தார். மேலதிகாரியைக் கேட்க வேண்டும், படிவம் வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். "எதுக்கு வம்பு, இவ பேர்லயே போட்டுடுங்க. இவளுக்குப் பத்தும் இருக்கு" என்றார். கணக்கு தையல்காரி பெயரில் ஆனது. அன்றைக்கே சிம்மக்கா அவளுடைய போனில் வங்கிச் செயலியை ஏற்றிக் கொடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பணத்துக்கு வீட்டில் விரல் காசு என்று பெயர். ஒற்றைக் கையால் ஓட்டக்கூடிய ஜெராக்ஸ் மெஷினும் புத்தகம் கட்டுகிற மெஷினும் வாங்கி, தையல்கடையிலேயே ஒரு ஓரத்தில் போடுவதாகத் திட்டம். பழைய மெஷின் ஒன்றைப் போய்ப் பார்த்தும் விட்டார். "நாலு விரலுக்கு ரெண்டு மெஷின், லாபம்தானே" என்று என் கடையில் வலி மாத்திரை வாங்கும்போது சொன்னார்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. தையல்காரிக்கு நிமிர நேரமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனோடு ஓடி வந்தாள்.

"அக்கா, எதிர்ல பேசறவங்க கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது. என்னன்னு பாரு. நான் போறேன், காலர் அப்படியே கிடக்கு."

போனின் காது முழுக்க நூல் தூசி. சிம்மக்கா மென்மையான தூரிகையால் அரைமணி நேரம் அதைத் தட்டியெடுத்தாள். பதினோரு மணிக்குச் சாலையைக் கடந்து போய்க் கையிலேயே கொடுத்தாள். "இனி எறும்பு பேசினாலும் கேக்கும்" என்று அவள் சொன்னது எனக்கு இங்கே கேட்டது.

அதன்பின் நடந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டரைக்கு தையல்காரிக்கு ஓர் அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு ஆண் குரல். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. "மேடம், உங்க கணக்குல கைரேகைப் பதிவு முழுசா இல்ல. நாலு மணிக்குள்ள சரிபண்ணலைன்னா கணக்கு முடங்கிடும்" என்றான். ஊரில் எல்லோரிடமும் அவன் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் கைரேகை என்ற வார்த்தை கேட்டதும் இவளுக்குக் கண்ணாடி மேல் வைத்த அந்தக் கை கண்ணில் வந்துவிட்டது. வங்கிக்காரனைத் தவிர வேறு யாருக்கு இது தெரியும்? நம்பிவிட்டாள். அவன் சொன்ன ஒரு செயலியை ஏற்றினாள். அது இவள் திரையை அவனுக்கு அப்படியே காட்டுகிற செயலி. வந்த எண்களை வாசித்துக் காட்டினாள். ரகசிய எண்ணை அமுக்கச் சொன்னான், அமுக்கினாள். ஸ்பீக்கரில் போட்டுத் தையல் மேசைமேல் வைத்துவிட்டு, நடுநடுவே இரண்டு காலர்கூடத் தைத்தாளாம். "ரொம்ப நன்றி மேடம், பொறுமையா பேசினீங்க" என்று சொல்லிவிட்டு அவன் வைத்தான்.

அப்புறம் கணக்கிலிருந்து பணம் போனதாக ஆறு குறுஞ்செய்தி, ஒன்றன்பின் ஒன்றாக. முதலாவது சோதனைக்கு என்று அவன் சொல்லியிருந்தான், திரும்பி வரும் என்று காத்திருந்தாள். ஆறாவது வந்ததும் அந்த எண்ணைத் திருப்பி அழைத்தாள். மணியே அடிக்கவில்லை. அழுக்கைக் கழுவுகிற மாதிரி அந்தச் செயலியையும், போனில் பதிவாகியிருந்த அவன் எண்ணையும் அவசரமாக அழித்தாள். அன்று ஒரு மணிக்கு அவள் சாப்பிட வரவில்லை. வேலை மும்முரம் என்று சிம்மக்கா நினைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டாள்.

ஐந்தரைக்குப் புருஷன் வந்தார். இவள் முகத்தைப் பார்த்தார், போனை வாங்கிப் பார்த்தார். "என்ன இது?" என்றார். இவள் சொன்னது ஒரே வாக்கியம்.

"காலைல போன் அக்காகிட்ட இருந்துச்சு."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பின்னால் நான் எத்தனையோ முறை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவர் சாலையைக் கடந்து வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலில் நின்று, அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல போன்ல வேற ஏதாவது தொட்டீங்களா?"

"தூசி தட்டினேன். ஏன்?"

"காசு போயிடுச்சு. எல்லாமே."

சிம்மக்கா எழுந்து எதிரே பார்த்தாள். தையல்காரி மெஷின்மேல் குனிந்திருந்தாள். கால் மிதிக்கவில்லை, ஊசி அசையவில்லை, ஆனாலும் குனிந்தே இருந்தாள். சிம்மக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். எனக்குத் தெரிந்து அவள் கடையைப் பூட்டாமல் போனது அன்றுதான்.

"அடியே, இங்க பாரு. யாராவது போன் பண்ணாங்களா?"

"இல்லக்கா."

"ஏதாவது ஆப் போடச் சொன்னாங்களா? நம்பர் ஏதாவது வந்து வாசிச்சுக் காட்டினியா? சொல்லுடி, இப்ப சொன்னா நிறுத்திடலாம். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்."

"இல்லக்கா. யாரும் பண்ணல."

கேட்டவள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

சிம்மக்காதான் வங்கிக்கு அழைத்தாள். "முதல்ல இதைச் சொல்லுவோம், அப்புறம் என்னைச் சந்தேகப்படுங்க" என்றாள். நாற்பது நிமிடம் காத்திருப்பு இசை ஓடியது. கடைசியில் பேசிய பெண் கேட்ட முதல் கேள்வியே, "வெளியிலிருந்து அழைப்பு ஏதும் வந்ததா, இல்லை தெரிந்தவர்கள் போனைக் கையாண்டார்களா?" என்பதுதான். தையல்காரி புருஷனைப் பார்த்தாள். பிறகு, "தெரிஞ்சவங்க" என்றாள், பக்கத்திலேயே நிற்கிறவளை வைத்துக்கொண்டு. புகார் அந்த வகையில் பதிவானது. தெரிந்தவர்களுக்குள் தகராறு என்றால் யார் அவசரப்படுவார்கள்? பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மறுநாள் காலை பத்து மணிவரை அது அப்படியே இருந்திருக்கிறது. பத்து மணிக்குமேல்தான் வழித்தெடுத்திருக்கிறார்கள்.

யாரும் அழைக்கவில்லை என்று தையல்காரி எழுதிக் கொடுத்த புகாரின்மேல் காவல் நிலையத்திலிருந்து வந்து சிம்மக்காவின் கணினியையும், அவள் போனையும், மேசை டிராயரில் பழுதுபார்க்க வந்திருந்த எட்டுப் போன்களையும் பட்டியல் எழுதி எடுத்துப் போனார்கள். அவள் கணக்கை முடக்கினார்கள். மகளின் விடுதிக் கட்டணத் தேதி அந்த வாரம்தான். என்னிடம் வந்து கடன் கேட்டாள், கொடுத்தேன். கொடுத்ததைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு வாய் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே நான் என் ரகசிய எண்ணை மாற்றினேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவள் கடையிலேயே வைத்துப் போட்ட எண் அது. அவள் பார்க்கவில்லை என்று எனக்கு நூறு சதவீதம் தெரியும். ஆனாலும் மாற்றினேன்.

கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் போனைக் கையை விட்டுக் கொடுக்காமல், தாங்களே பிடித்துக்கொண்டு, "இங்கயே, இப்பவே பாத்துக் குடுங்க" என்றார்கள். டிராயரில் இருந்து போன எட்டுப் போன்களின் சொந்தக்காரர்கள் தினமும் வந்து வாசலில் நின்றார்கள். முடிவெட்டுகிறவர் எண்ணை அமுக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு அமுக்கினார். சிம்மக்கா ஏற்கெனவே சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரையும் நான் என் கடை வாசலிலிருந்து பார்த்தேன். சிரிப்பு வர வேண்டிய காட்சி. வரவில்லை.

மதியம் ஒரு மணிக்கு அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மூன்று மணிக்குமேல் ஏதோ கொறிப்பாள். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்:

"அண்ணா, ஒண்ணு தெரியுமா? நானே எடுத்திருப்பேனோன்னு எனக்கே தோணுது. தூசி தட்டறப்ப விரல் எதுலயாவது பட்டு, எதையாவது திறந்து விட்டுட்டேனோன்னு."

"அதெப்படிம்மா, உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா பொழுது விடிஞ்சா அதுதான் முதல்ல ஞாபகம் வருது."

பத்து வாரம் கழித்து இணையக் குற்றப் பிரிவிலிருந்து எல்லோரையும் வரச் சொன்னார்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். நீள மேசை, மேலே சுற்றாத மின்விசிறி. அதிகாரி ஓர் இளம்பெண், எங்கள் எல்லோரையும்விடச் சின்னவள். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தையல்காரி முன்னால் வைத்தாள்.

"இது உங்க நம்பருக்கு வந்த அழைப்பு விவரம். அன்னைக்குப் பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு இந்த நம்பர்ல இருந்து வந்திருக்கு. நாற்பத்தேழு நிமிஷம் பேசியிருக்கீங்க. இதே நம்பர்மேல எங்ககிட்ட இன்னும் முப்பது புகார் இருக்கு. யாரும் பேசலைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களேம்மா?"

தையல்காரி தாளைத் தொடவில்லை. அதிகாரி சிம்மக்காவைப் பார்த்து, "உங்க பேர்ல எதுவும் இல்லம்மா. சாமான்களை எடுத்துட்டுப் போகலாம்" என்றாள். சிம்மக்கா தலையாட்டினாள். அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் என்று நினைத்து நான் திரும்பினேன். நாற்பத்தேழு நிமிஷம் என்று எழுதியிருந்த அந்த வரியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சுத்தம் பண்ணிக் குடுக்காம இருந்திருந்தா, அவன் பேசினது அவளுக்குக் கேட்டே இருக்காது" என்றாள், என்னிடம் மட்டும்.

படியிறங்கும்போது தையல்காரியின் புருஷன் நின்றார்.

"எனக்குக் கை போனப்ப நான் யாருகிட்ட முதல்ல சொன்னேன்?"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காசு போச்சு. சரி. நீயும் ஏமாந்த, நானா இருந்தாலும் ஏமாந்திருப்பேன். அதை என்கிட்டச் சொல்ல முடியலையா உனக்கு? நான் உன்னை அடிச்சிருக்கேனா? திட்டியிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் நின்றார். எழுப்பவுமில்லை, விட்டுவிட்டுப் போகவுமில்லை.

சேதி தெருவுக்கு வந்தது. ஊர் வெட்கப்பட்டது, தனக்குத் தெரிந்த விதத்தில். யாரும் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எல்லோரும் வந்து போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டார்கள். நன்றாக இருந்த கண்ணாடியை உரித்துவிட்டுப் புதிது ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்த ஒரு வாரத்தில் அவள் விற்றதுபோல அதற்கு முன் விற்றதில்லை. ஆனால் எண்ணை அமுக்கும்போது எல்லோருடைய உள்ளங்கையும் தானாக வந்து திரையை மூடியது. அதுதான் சரியான முறை, அவளே அவர்களுக்குப் பத்து வருடமாகச் சொல்லிக் கொடுத்தது. அப்போது கேட்காதவர்கள் இப்போது கேட்டார்கள்.

எட்டாம் நாள் தையல்காரி வந்தாள். ஒரு மணிக்கு, கையில் டப்பா இல்லாமல். நான் மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோல நின்றிருந்தேன்.

"அக்கா."

"வா."

"உள்ள வரட்டுமா?"

"வான்னுதானே சொன்னேன்."

பெட்டி நகர்கிற சத்தம் கேட்கவில்லை. அவள் உட்காரவில்லை போலிருக்கிறது.

"நான் வேணும்னு பண்ணலக்கா. வாயில வந்துடுச்சு. ஒரு தடவை வந்துட்டா, அப்புறம் மாத்திச் சொல்ல வரல. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைப்பேன். உன்னைப் பாப்பேன். கடையைத் திறந்து தனியா உக்காந்திருப்ப. சாலையைத் தாண்டக் கால் வராது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு ஓடி வந்து கேட்டேனேடி. கெஞ்சிக் கேட்டேன்."

"முட்டாள்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

சிம்மக்காவின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"என்னைத் திருடின்னு சொல்லிடுவாங்களேன்னு பயமா இல்லையா உனக்கு?"

தையல்காரி அழுதாள். அழுகைக்கு நடுவில் சொன்னாள்: "அந்தத் தபால்கார சார் சொன்னப்ப நீ எப்படிச் சிரிச்ச. நானும்தான் சிரிச்சேன். ஆறாவது மெசேஜ் வந்ததும் எனக்கு அதுதான் காதுல கேட்டுச்சு. உன் சிரிப்பு."

சிம்மக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"சிரிச்சிருக்கக் கூடாது. அது என் தப்பு. அவரு அப்புறம் வரவே இல்ல, பாத்தியா."

"அக்கா, என்னை மன்னிச்சிடு."

"மன்னிக்கறதுக்கென்ன. கோபமெல்லாம் இல்ல. உன்னைப் பாத்தா எனக்குக் கோபம் வரமாட்டேங்குது, அதான் கஷ்டமா இருக்கு. நீ போ. வேலை கிடக்கும்."

தையல்காரி போனாள். மறுநாள் ஒரு மணிக்கு இருவரும் அவரவர் கடையிலேயே சாப்பிட்டார்கள், ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிகிற தூரத்தில்.

அடுத்த மாதம் சிம்மக்கா கடையை விட்டாள். மகள் படிக்கிற ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். சாமான்களைக் கட்டுகிறபோது நான் போய் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"அம்மா, அன்னைக்கு நானும் என் ரகசிய நம்பரை மாத்திட்டேன்."

அவள் ஒரு பெட்டிக்குள் சார்ஜர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்ணா. மறுநாள் என் கடையில நின்னு உங்க போன்லயே சிம்முக்குப் பணம் போட்டீங்க. நம்பரை அமுக்கறப்ப ரெண்டு தடவை தப்பாச்சு. பழைய நம்பர்னா உங்களுக்குக் கண்ணை மூடிட்டே வரும்."

"நீ எடுத்திருப்பேன்னு நான் நினைக்கலம்மா. சத்தியமா."

"அதுவும் தெரியும். மாத்தினது நல்லதுதான்ணா. அடிக்கடி மாத்தணும்." அதைச் சொல்லும்போது அவள் சிரிக்க முயன்றாள். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. கடனில் பாதியை என் கையில் வைத்தாள். மீதியை மாதாமாதம் அனுப்பி முடித்துவிட்டாள். கடைசித் தவணையோடு "முடிந்தது அண்ணா" என்று ஒரு செய்தி. அதற்குமேல் எதுவும் வரவில்லை. நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதவில்லை.

விரல் காசில் ஒரு துளிகூடத் திரும்பவில்லை. வழக்கு இன்னும் எங்கோ நடக்கிறது. தையல்காரியின் புருஷன் ஒரு பள்ளிக்கூடத்தில் வாயில்காவலராகச் சேர்ந்திருக்கிறார். வருகிறவர்கள் பெயரை இடது கையால் நோட்டில் எழுதுகிறார், எழுத்து இப்போது நன்றாகவே வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. மாலையில் அவர் வந்து கடைக்குள் உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை காத்திருந்து, இருவரும் சேர்ந்தேதான் நடந்து போகிறார்கள். பேசிக்கொண்டு போவதுதான் இல்லை.

சிம்மக்கா இருந்த இடத்தில் இப்போது சாவி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் தும்மினால் நான் கேட்பதில்லை.

போன மாதம் தையல்காரி தலைவலி மாத்திரை வாங்க வந்தாள். வேறு யாரும் கடையில் இல்லை. கேட்டுவிட்டேன்.

"அவ நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"இருக்குண்ணா. மாத்தல, அதே நம்பர்தான். ராத்திரி பகல்னு இல்லாம எடுத்து எடுத்துப் பாப்பேன்."

"ஒரு தடவை பண்ணிப் பாக்கறதுதானே. எடுக்கமாட்டான்னு பயமா?"

அவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துடுவா அண்ணா. அவளை எனக்குத் தெரியும். எடுத்துட்டு, 'சொல்லுடி'ன்னு சொல்லுவா. அப்புறம் நான் என்ன சொல்றது?"

சில்லறையை வாங்கிக்கொண்டு, சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குக் கடந்து போனாள்.